குழந்தைக்குக் கொழுப்புக் கல்லீரல்: "மாத்திரை எழுதலையா டாக்டர்?" என்று கேட்கும் பெற்றோருக்கு

குழந்தைகள் மருத்துவராக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இந்தக் காட்சியைப் பார்க்கிறேன். பிள்ளைக்கு வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்திருப்பார்கள். குடல்வால் நன்றாக இருக்கும், சிறுநீரகத்தில் கல் இருக்காது. கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று இருக்கும். நான் பிள்ளையின் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் அளந்து, அரைமணி நேரம் பேசி முடிப்பேன். அப்பா ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே, "சரி டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுத்திடுங்க" என்பார். அங்கிருந்து கிளம்பும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் மருந்து பற்றியவை. உங்கள் பிள்ளையைப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள எடுத்துக்கொள்ளுங்கள்.

குடிப்பவர்களுக்குத்தானே கல்லீரல் கெடும்? பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படி வந்தது?

உடம்பு செலவழிக்க முடியாத அளவுக்குச் சாப்பாடு உள்ளே போனால், மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே சேர்த்து வைக்கிறது. சர்க்கரை, அதிலும் அதன் ஒரு பாதியான ஃபிரக்டோஸ், இந்த வேலையை வேகப்படுத்துகிறது. ஏனென்றால் ஃபிரக்டோஸின் பெரும்பகுதியைக் கையாளுவது கல்லீரல்தான். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இது இன்னும் மோசமாகும். பரம்பரைக்கும் பங்குண்டு, பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு அதே எடையில் அதிகக் கொழுப்பு சேரும்.

பெரியவர்களிடம் இந்த நோய்க்கு 1980ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பெயர் வைத்தார்கள். மூன்றே வருடத்தில், 1983ல், பருமனான மூன்று குழந்தைகளிடம் இதே நோய் இருப்பதாக மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று நிலைமை வேறு. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022ல் வெளியான ஒரு தொகுப்பு, எடை கூடிய அல்லது பருமனான குழந்தைகளில் நூற்றுக்கு 63 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் நடந்த விபரீதம் இல்லை இது.

ஒரு டாக்டர் ஒரு பெயர் சொல்கிறார், இன்னொருவர் வேறு பெயர் சொல்கிறாரே?

இரண்டும் ஒன்றுதான். 'மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்' என்பது பழைய பெயர், சுருக்கமாக என்.ஏ.எஃப்.எல்.டி. 2023ல் உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் கூடி, வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்த்துப் பெயரை எம்.ஏ.எஸ்.எல்.டி. என்று மாற்றின. கொழுப்போடு வீக்கமும் செல் சிதைவும் சேர்ந்துவிட்டால் அது அடுத்த கட்டம். பழைய பெயர் நாஷ், புதுப் பெயர் மாஷ். மருந்து ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த அடுத்த கட்டத்தைப் பற்றியதுதான். கீழே அடிக்கடி வரும்.

மகளுக்கு எஸ்.ஜி.பி.டி. 44. லேப்காரர்கள் நார்மல் என்று போட்டிருக்கிறார்களே?

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்கள் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கூடும் ஒரு நொதி. லேப் ரிப்போர்ட்டில் வலது ஓரம் '0 – 45' என்றோ '0 – 50' என்றோ அச்சிட்டிருப்பார்கள். அது பெரியவர்களை வைத்துப் போட்ட கோடு. அந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்திருக்கும். வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை-குடல், கல்லீரல் மருத்துவர்களின் அமைப்பு 2017ல் தந்த வழிகாட்டுதலில் மேல் எல்லை ஆண் பிள்ளைக்கு 26, பெண் பிள்ளைக்கு 22. அந்தக் கணக்கில் உங்கள் மகளின் 44 சரியாக இரண்டு மடங்கு. மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால் காரணம் தேடியாக வேண்டும். 80ஐத் தாண்டினால் அவ்வளவு நாள் காத்திருக்கவும் தேவையில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. எஸ்.ஜி.பி.டி. சரியாக இருப்பதால் கல்லீரல் சுத்தம் என்று அர்த்தமில்லை. ஸ்கேனும் அப்படித்தான், லேசான கொழுப்பைப் பல நேரம் தவறவிடும். 'கிரேடு 1', 'கிரேடு 2' என்பது ஸ்கேன் திரையில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதன் அளவு. வீக்கம் இருக்கிறதா, தழும்பு விழுகிறதா என்று அது சொல்லாது.

கழுத்தில் அழுக்கு போகவே மாட்டேன் என்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தமா?

சம்பந்தம் உண்டு. பின்கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரிக் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாகச் சுற்றுவதன் அடையாளம். பீர்க்கங்கூட்டால் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், விட்டுவிடுங்கள். அதை வெளுக்க க்ரீம் வாங்காதீர்கள். எடையும் இன்சுலினும் இறங்கும்போது தானாக மங்கும். சொல்லப்போனால் மாதாமாதம் ஊசி குத்தி ரத்தம் எடுக்காமல் முன்னேற்றத்தைப் பார்க்க வீட்டிலேயே கிடைக்கும் அடையாளம் அது.

கொழுப்புதான் காரணம் என்று உறுதியாகத் தெரியுமா? வேறு நோயாக இருந்தால்?

நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்பதில்லை. குண்டான பிள்ளைக்கும் வில்சன் நோய் வரும். அதில் கல்லீரலில் தாமிரம் சேரும், ஸ்கேனில் கொழுப்பு மாதிரியே தெரியும். அதற்கு மருந்து இருக்கிறது, தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஹெப்படைட்டிஸ் பி, சி, தன்னுடல் தாக்குக் கல்லீரல் அழற்சி, தைராய்டு குறைவு, கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இவற்றையும் ரத்தப் பரிசோதனையில் விலக்கிப் பார்க்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட், நாள்பட்ட ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் மாதிரி சில மருந்துகளாலும் கல்லீரலில் கொழுப்பு சேரலாம். பிள்ளை எட்டு வயதுக்குள் இருந்தாலோ, அவ்வளவு குண்டாகவே இல்லை என்றாலோ இந்தத் தேடல் இன்னும் முக்கியம்.

சரி, நேரடியாகக் கேட்கிறேன். இதைக் குணப்படுத்தும் மாத்திரை குழந்தைகளுக்கு இருக்கிறதா?

இல்லை. குழந்தைகளின் கொழுப்புக் கல்லீரலுக்கு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. மேலே சொன்ன 2017 வழிகாட்டுதலும் எந்த மருந்தையும் துணை மாத்திரையையும் பரிந்துரைக்கவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை, முயன்று தோற்றிருக்கிறார்கள். அந்தத் தோல்விகளைத் தெரிந்துகொண்டால்தான், உங்கள் கையில் இருக்கும் மருந்துச் சீட்டில் எது எதற்கு என்று புரியும்.

வைட்டமின் ஈ எழுதியிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

முகத்துக்குத் தடவ, முடிக்குத் தேய்க்க என்று கடையில் வாங்குவோமே, அந்தப் பச்சைக் கேப்ஸ்யூல்தான். இதைப் பற்றி ஓரளவு விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழந்தைகளிடம் நடந்த மருந்துச் சோதனைகளில் கொஞ்சமாவது நம்பிக்கை தந்தது இது ஒன்றுதான்.

டானிக் என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2011ல் வெளிவந்தன. குடிக்கிற டானிக் இல்லை, சோதனையின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுத்து நோய் உறுதியான 173 பேர், 8 முதல் 17 வயது. ஒரு குழுவுக்கு வைட்டமின் ஈ 400 யூனிட் தினம் இரண்டு வேளை, ஒரு குழுவுக்குச் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இரண்டு வேளை, மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 96 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம். மூன்று குழுவுக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை பொது.

எஸ்.ஜி.பி.டி. இறங்கி, இறங்கியபடியே இருக்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. வைட்டமின் ஈ குழுவில் 26 சதவீதம் பேருக்கு இறங்கியது, மெட்ஃபார்மினில் 16, வெற்று மாத்திரையில் 17. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் தேறவில்லை. அதாவது இரண்டு மருந்தும் ஃபெயில். ஆனால் கடைசியில் மறுபடி திசு எடுத்துப் பார்த்தபோது, நாஷ் கட்டத்தில் இருந்த பிள்ளைகளில் வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு அது மறைந்திருந்தது. வெற்று மாத்திரையில் 28 சதவீதம்.

இதை வைத்துத்தான், திசுப் பரிசோதனையில் நாஷ் உறுதியான பிள்ளைக்குச் சில கல்லீரல் நிபுணர்கள் வைட்டமின் ஈ தருகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்கேனில் கிரேடு 1 என்று வந்த உடனே எழுதுவதற்கு இந்தச் சோதனை ஆதாரம் ஆகாது. அதிக அளவில் வருடக்கணக்கில் எடுப்பது ஆபத்தில்லாதது என்றும் சொல்ல முடியாது; வயதான ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், தினம் 400 யூனிட் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் கொஞ்சம் கூடியது. பிள்ளைகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். 'வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும்' என்ற பேச்சுக்குப் பதிலாகச் சொல்கிறேன்.

என்னை இந்தச் சோதனையில் யோசிக்க வைத்த எண் 58 இல்லை, அந்த 28. மருந்தே இல்லாமல், ஆலோசனையும் அடிக்கடி வரும் பரிசோதனையும் மட்டும் இருந்த பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு மேல் நோய் பின்வாங்கியிருக்கிறது.

மெட்ஃபார்மின்?

கல்லீரலுக்காக என்றால் வேண்டாம், மேலே எண்களைப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் பிள்ளைக்கு டைப் 2 சர்க்கரை நோய் வந்திருந்தால் அதற்கு வேண்டும். சில பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்குக் கோளாற்றுக்காக எழுதுவார்கள். அந்தக் காரணங்களுக்காகத் தந்திருந்தால் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்று பயந்து நிறுத்த வேண்டாம்.

உர்சோ மாத்திரை, சிலிமரின் சிரப், 'லிவர் டானிக்' இவையெல்லாம்?

உர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம் பித்தநீர் தேங்கும் நோய்களுக்கு நல்ல மருந்து. பருமனான குழந்தைகளின் கொழுப்புக் கல்லீரலில் அதை இத்தாலியில் சோதித்து, பயனில்லை என்று 2000லேயே எழுதிவிட்டார்கள். கால் நூற்றாண்டு ஆகியும் நம் ஊரில் அது சீட்டிலிருந்து இறங்கவில்லை. மூலிகைச் சாறான சிலிமரினுக்கும் குழந்தைகளிடம் சொல்லிக்கொள்ளும்படி ஆதாரம் இல்லை.

ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்டால், சக மருத்துவர்களைக் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மருந்து எழுதாத டாக்டரிடம் மறுபடி யாரும் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். லிவர் சிரப்களில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் வேறு: லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் சர்க்கரைப்பாகுதான் அடித்தளம். கல்லீரலில் சர்க்கரையால் சேர்ந்த கொழுப்புக்கு, தினம் மூன்று வேளை இனிப்புச் சிரப்.

கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் பாட்டி.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. ஹெப்படைட்டிஸ் ஏ வகைக் காமாலை பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சில வாரத்தில் சரியாகிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். கொழுப்புக் கல்லீரல் அப்படித் தானாகப் போகிற நோய் இல்லை. பாட்டியிடம் சண்டை போட வேண்டாம். மோரில் அரைத்துக் கலக்கிய கீழாநெல்லியை ஒருநாள் குடித்ததற்காக நான் யாரையும் திட்டியதில்லை.

நான் பயப்படுவது பொடியாகவும் மாத்திரையாகவும் அடர்த்தியாக்கி விற்கும் மூலிகைகளுக்கு. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று எல்லோரும் சீந்தில் குடித்தார்கள். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி 2021ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். உடம்பு இளைக்க என்று விற்கும் குடம்புளிச் சாறு மாத்திரைகள், கிரீன் டீ சாறு மாத்திரைகளாலும் கல்லீரல் கெட்டிருக்கிறது. மீன் குழம்பில் போடும் குடம்புளியைச் சொல்லவில்லை. அதைத் தாராளமாகப் போடுங்கள். ஏற்கெனவே கொழுப்பு ஏறிய கல்லீரலில் கலவை என்னவென்றே தெரியாத பொடி ஒன்றை ஏற்றாதீர்கள், அவ்வளவுதான்.

மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3, நல்ல பாக்டீரியா என்று விற்கும் புரோபயாடிக்?

சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. கொழுப்பு கொஞ்சம் குறைந்ததாகச் சிலது, மாற்றமில்லை என்று சிலது. காசு மிச்சமிருந்தால் மத்தி மீன் வாங்குங்கள். சைவ வீடென்றால் அந்தக் காசுக்குச் சுண்டலும் காய்கறியும்.

வேறு என்னவெல்லாம் சோதித்துப் பார்த்தார்கள்?

சிஸ்டமீன் என்ற மருந்தை 169 பிள்ளைகளிடம் ஒரு வருடம் பார்த்தார்கள், 2016ல் முடிவு வந்தது. எஸ்.ஜி.பி.டி. இறங்கியது, ஆனால் திசுவை மொத்தமாக மதிப்பிட்டபோது வெற்று மாத்திரையைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. ரத்த அழுத்த மாத்திரையான லோசார்ட்டனையும் பார்த்தார்கள். 24 வாரத்தில் எஸ்.ஜி.பி.டி.கூட இறங்கவில்லை.

எடை குறைக்கும் ஊசி பற்றி எங்கும் பேச்சாக இருக்கிறதே, என் மகளுக்குப் போடலாமா?

இப்போது அதிகம் வரும் கேள்வி இது. செமாகுளுடைட், லிராகுளுடைட் இரண்டும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் போல நடிப்பவை. பசி அடங்கும், வயிறு மெதுவாகக் காலியாகும். அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்ட பருமனான பிள்ளைகளுக்கு லிராகுளுடைட்டை 2020 டிசம்பரிலும் செமாகுளுடைட்டை 2022 டிசம்பரிலும் அனுமதித்தார்கள். முதலாவது தினம் ஒரு ஊசி, இரண்டாவது வாரம் ஒன்று. கவனியுங்கள்: இரண்டும் பருமனுக்கான அனுமதி, குழந்தையின் கல்லீரலுக்கானது இல்லை.

செமாகுளுடைட்டுக்கு அனுமதி வாங்கித்தந்த சோதனையில் 201 பிள்ளைகள். 68 வாரத்தில் ஊசி போட்டவர்களின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, சராசரியாக 16.1 சதவீதம் இறங்கியது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 0.6 சதவீதம் ஏறியது. குழந்தைப் பருமனுக்கு அதுவரை வந்த எந்த மருந்தும் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை. எஸ்.ஜி.பி.டி.யும் கூடவே இறங்கியது. எடை இவ்வளவு இறங்கினால் கல்லீரலும் இளைக்கும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. ஆனாலும் குழந்தைகளின் கல்லீரல் திசுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வடிவமைத்த சோதனை அல்ல அது.

மறுபக்கம்: ஊசி போட்டவர்களில் 62 சதவீதம் பேருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு மாதிரித் தொல்லைகள் வந்தன, வெற்று ஊசியில் 42. ஐந்து பேருக்குப் பித்தப்பைக் கல் வந்தது. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் போடக் கூடாது, கணைய அழற்சி வந்த பிள்ளைக்குத் தவிர்க்க வேண்டும். நிறுத்தினால் எடை திரும்ப ஏறும், பெரியவர்களிடம் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறோம். வளரும் வயதில் புரதம் போதாமல் போனால் தசையும் சேர்ந்து கரையும்.

என் கருத்தைக் கேட்டால்: 15 வயது, 100 கிலோ, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எஸ்.ஜி.பி.டி. மூன்று மாதமாக 90, ஆறு மாதம் உண்மையிலேயே முயன்றும் எடை அசையவில்லை என்றால், ஊசியைப் பற்றிக் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் பேசச் சொல்வேன், தயங்க மாட்டேன். 'ஊசி போட்டால் பழகிவிடும்' என்று அந்தப் பிள்ளைக்கு மறுப்பதும் தவறுதான். ஒன்பது வயது, கிரேடு 1, வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு லிட்டர் குளிர்பானம் என்றால், முதலில் ஃப்ரிட்ஜைப் பார்ப்போம். உறவினர் ஒருவருக்கு வாங்கிய ஊசியில் மிச்சத்தைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

தாத்தாவுக்குக் கொழுப்புக் கல்லீரலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதில் பாதி கொடுத்தால்?

வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு உண்மையிலேயே மருந்து வந்துவிட்டது. ரெஸ்மெட்டிரோம் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தழும்பு நடுத்தரத்திலிருந்து முற்றிய கட்டம் வரை இருந்து, இன்னும் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) ஆகாத மாஷ் நோய்க்கு. அதே வகை நோயாளிகளுக்குச் செமாகுளுடைட்டை 2025 ஆகஸ்டில் அனுமதித்தார்கள். இந்தியாவில் 2020லேயே சரோகிளிட்டசார் என்ற நம் ஊர்க் கண்டுபிடிப்புக்கு நாஷ் நோய்க்கான அனுமதி கிடைத்தது. தாத்தா சாப்பிடுவது அநேகமாக அதுதான். எல்லாமே பெரியவர்களுக்கு. குழந்தையின் கல்லீரல் நோய் நுண்ணோக்கியில் பார்த்தாலே பெரியவர்களிடமிருந்து பல நேரம் வேறு மாதிரி இருக்கும். பருவமடையும் உடம்பில் இந்த மருந்துகள் என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி.

மாத்திரை இல்லை என்றால் எதுதான் வேலை செய்யும்?

சர்க்கரையை நிறுத்துவது. 'உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் என்று தோன்றும். அதனால் இதையும் மருந்து மாதிரியே எண்ணோடு சொல்கிறேன்.

அமெரிக்காவில் அட்லாண்டா, சான் டியேகோ நகரங்களில் 11 முதல் 16 வயதுள்ள 40 பையன்கள், எல்லோருக்கும் கொழுப்புக் கல்லீரல். பாதிப் பேருக்கு, சேர்க்கும் சர்க்கரையும் பழச்சாற்றுச் சர்க்கரையும் மொத்த கலோரியில் 3 சதவீதத்துக்கும் கீழே. மீதிப் பேர் வழக்கம்போல. எம்.ஆர்.ஐ.யில் அளந்தார்கள். எட்டே வாரத்தில் முதல் குழுவின் கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 21லிருந்து 20. இது 2019ல் வெளிவந்தது. இதில் என் மனதில் நின்றது ஒரு விவரம்: பையனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடவில்லை. வீட்டில் இருந்த எல்லோருக்கும் சேர்த்தே உணவைத் திட்டமிட்டுக் கொடுத்தார்கள். தம்பி ஜூஸ் குடிக்க, அண்ணன் தண்ணீர் குடிக்கும் வீட்டில் இது நடக்காது.

3 சதவீதம் என்றால் நம் கணக்கில் எவ்வளவு? தினம் 2000 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 15 கிராம், மூன்று சின்ன டீஸ்பூன். இனி ஒருநாளை எண்ணிப் பாருங்கள். காலையில் பாலில் 'வளர்ச்சிக்கு' என்று கலக்கும் சாக்லேட் பவுடர், மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை. டிபன் பாக்ஸில் ஜாம் தடவிய பிரெட். இடைவேளைக்கு க்ரீம் பிஸ்கட். நாலு மணிக்கு டீ, பன். டியூஷன் போகும் வழியில் பத்து ரூபாய் மாம்பழ ஜூஸ் பாக்கெட். ஞாயிறு பிரியாணியோடு 300 மில்லி கோலா. அது ஒன்றிலேயே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று ராத்திரி ஒரு தோசையைப் பிடுங்கிக்கொண்டு, இந்தப் பட்டியலில் கை வைக்காமல் விடுகிறோம்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினால் கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது. முழுப் பழம் சாப்பிடலாம், கொய்யா, பப்பாளி, சின்ன வாழைப்பழம். பிழிந்து வடிகட்டினால் அதுவும் சர்க்கரைத் தண்ணீர்தான். குளுக்கோஸ் பவுடர், கார்ன் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று லேபிளில் பார்த்தால் பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

அரிசியை முழுக்க நிறுத்தச் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் எந்த வீட்டிலும் நிற்பதில்லை. தட்டில் பொரியலும் கூட்டும் பருப்பும் முட்டையும் முதலில் விழட்டும், சோறு பிறகு. விளையாட்டு தினம் ஒரு மணி நேரம், மூச்சு வாங்கும் அளவுக்கு. எட்டாம் வகுப்பு தாண்டியதும் டியூஷனுக்காக விளையாட்டை வெட்டுகிறோமே, நான் பார்க்கும் பிள்ளைகளில் எடை ஏறத் தொடங்கும் வருடம் பெரும்பாலும் அதுதான்.

எத்தனை கிலோ குறைய வேண்டும்?

வளரும் பிள்ளைக்குப் பல நேரம் ஒரு கிலோகூடக் குறைய வேண்டியதில்லை. 10 வயதில் 48 கிலோ. அடுத்த ஒரு வருடம் 48லேயே நின்று, உயரம் ஆறு சென்டிமீட்டர் கூடினால் பி.எம்.ஐ. தானாக இறங்கிவிடும். வளர்ச்சி முடியப்போகும் பிள்ளைக்கும், மிக அதிக எடை உள்ளவருக்கும் கிலோ கணக்கில் குறைய வேண்டும். பட்டினி மட்டும் போடாதீர்கள். வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும்.

எடை குறைக்கும் அறுவை சிகிச்சை?

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023ல் 13 வயதிலிருந்து, கடுமையான பருமன் உள்ளவர்களை இதற்காகப் பரிசீலிக்கலாம் என்றது. கல்லீரலுக்காக மட்டும் செய்வதில்லை. இதைப் படிக்கும் பத்தில் ஒன்பது பேருக்குத் தேவைப்படாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமா? கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்களே.

எடைக்கு ஏற்ற அளவில், ஓரிரு நாள் கொடுக்கலாம். அளவை அம்மாவே கூட்டுவதுதான் ஆபத்து. ஹெப்படைட்டிஸ் ஏ, பி தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் போட்டுவிடுங்கள். இந்தக் கல்லீரலுக்கு இன்னொரு அடி வேண்டாம்.

எப்போது பயப்பட வேண்டும்?

கண் மஞ்சளானால், வயிறு வீங்கினால், ரத்த வாந்தி எடுத்தால், மலம் தார் மாதிரிக் கறுத்தால், காரணமில்லாமல் மயக்கம், குழப்பம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவை அபூர்வம். சாதாரணமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, உயரம், தேவைக்கேற்ப எஸ்.ஜி.பி.டி.; வருடம் ஒருமுறை ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம். எண்கள் இறங்கவில்லை என்றால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை.

அடுத்த தடவை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய ரிப்போர்ட் எல்லாம், பள்ளியில் எழுதிக்கொடுத்த உயரம்-எடைக் குறிப்பு இருந்தால் அதுவும். பிள்ளை விழுங்கும் ஒவ்வொன்றும், சிரப், சூரணம், பாட்டி தரும் உருண்டை, ஜிம் போகும் மாமா கொடுத்த புரதப் பவுடர் வரை, டப்பாவோடு. அப்புறம் ஒரு வாரம் வீட்டில் சேரும் காலி பாக்கெட்டுகளை, பிஸ்கட் உறை, ஜூஸ் டப்பா எல்லாவற்றையும், குப்பையில் போடாமல் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மேசையில் கொட்டி, பிள்ளையையே ஒவ்வொன்றின் பின்பக்கமும் படிக்கச் சொல்வேன். போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கூட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "இதுல பாதி நீ வாங்கினதும்மா" என்றான்.